சிப்பாயைத் தியாகம் செய்ய முன் அனுமதி

எங்கள் சதுரங்கக் கழகம் என்னை 'ஆபத்தான ஆட்டக்காரர்' என்று எழுத்துமூலம் அறிவித்திருக்கிறது. தீர்மானத்தின் நகலை லேமினேட் செய்து வைத்திருக்கிறேன். என் மனைவி அதை இரண்டு முறை படித்துவிட்டு ஒரே வார்த்தைதான் கேட்டாள்.

"உங்களையா?"

அவள் சந்தேகப்பட்டதில் தப்பில்லை. நான் பல் செட் செய்பவன். பல் மருத்துவர்கள் நோயாளிகளின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். நான் அதற்கேற்ப மெழுகில் பல்லை அடுக்கி, தேய்த்து, மெருகேற்றிக் கொடுப்பேன். ஒரு மயிரிழை உயரம் கூடினாலும் சாப்பிடுகிறவருக்குக் குத்தும். இருபத்து மூன்று வருடமாக இதே வேலை செய்து, வாழ்க்கையில் எதுவுமே எங்கேயும் குத்திவிடக்கூடாது என்ற நிலைக்கு வந்துவிட்டேன். சாலையைக் கடக்கும்போது பச்சை விளக்கு விழுந்தாலும், எதற்கும் அடுத்த பச்சை விழட்டும் என்று நிற்பேன். என் மனைவி கார் ஓட்டக் கற்றுத்தருகிறவள். ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்குக் கற்றுக்கொடுத்து, ஒரே ஒருவரை மட்டும் 'இவருக்கு வராது' என்று பாதியில் அனுப்பியிருக்கிறாள். அது நான்.

கழகம் நூலகத்தின் மாடியில் இருக்கிறது. சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்குக் கூடுவோம். மொத்தம் இருபத்தாறு உறுப்பினர்கள், அதில் பத்தொன்பது பேர் நிர்வாகிகள். மீதியிருக்கும் ஏழு பேரை ஆள இவ்வளவு பேர் தேவையா என்று சலூன்காரர் ஒருமுறை பொதுக்கூட்டத்தில் கேட்டார். அவரும் என்னைப் போலச் சாதாரண உறுப்பினர்தான். கேள்வியை ஆராய ஒரு குழு போட்டார்கள். அதில் அவரையே சேர்த்துக்கொண்டதால் நிர்வாகிகள் இருபது பேரானார்கள்.

தலைவர் எடை அளவுத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தொரு வருடம் கடைகடையாகப் போய்த் தராசுகளுக்கு முத்திரை குத்தியவர். முத்திரை விழாத எதையும் அவரால் நம்ப முடியாது. செயலாளர் மருந்துக்கடை வைத்திருக்கிறார். தலைவர் தும்மினால்கூடக் குறிப்பேட்டில் நேரத்தோடு எழுதிவிடுவார்.

நான் ஆபத்தானவனாக மாறியது ஒரு சனிக்கிழமை மூன்றே முக்கால் மணிக்கு. அந்த நேரமும் குறிப்பேட்டில் இருக்கிறது.

அன்று ஆண்டுப் போட்டியின் முதல் சுற்றில் எனக்கும் தலைவருக்கும் ஆட்டம். எனக்கு வெள்ளைக் காய். ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை நான் இரண்டு கட்டம் தள்ளினேன். அவரும் அதையே செய்தார். அடுத்து நான் குதிரையை எடுக்க வேண்டும். எல்லோரும் எடுப்பது போல நானும் பதினாறு வருடமாகக் குதிரையைத்தான் எடுத்து வருகிறேன். கையை நீட்டினேன். காலையில் செய்த வேலையின் மெழுகு விரல் நுனியில் கொஞ்சம் ஒட்டியிருந்தது போலிருக்கிறது. விரல் குதிரைக்குப் பக்கத்திலிருந்த பிஷப்பின் முன்னால் நின்ற சிப்பாயில் பட்டு, அது லேசாக ஆடியது.

"தொட்டாச்சு!" என்றார் தலைவர். அறையிலிருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. தொட்ட காயை நகர்த்த வேண்டும் என்பது விதி.

அந்தச் சிப்பாயை ஒரு கட்டமும் தள்ளலாம், இரண்டு கட்டமும் தள்ளலாம். ஒரு கட்டம் தள்ளினால் தவறு செய்தது எல்லோருக்கும் தெரிந்துவிடும். இரண்டு கட்டம் தள்ளினால் திட்டம் போலத் தெரியும். இரண்டு கட்டம் தள்ளினேன். எதிராளியின் சிப்பாய் இலவசமாக வெட்டிக்கொள்ளும்படி அது நடு மைதானத்தில் போய் நின்றது.

தலைவர் அதை வெட்டினார். வெட்டியதோடு விட்டிருந்தால் அன்றே நான் வீட்டுக்குப் போயிருப்பேன். ஆனால் சும்மா கிடைத்த பொருளை விட அவருக்கு மனம் வரவில்லை. அந்தச் சிப்பாயைக் காப்பாற்ற இன்னொரு சிப்பாயை அனுப்பினார். அதைக் காப்பாற்ற மூன்றாவதை அனுப்பினார். அதற்குத் துணையாக ராணியே கிளம்பினாள். அவருடைய படையெல்லாம் பலகையின் ஒரு மூலையில் ஒரே ஒரு சிப்பாய்க்குக் காவல் நிற்க, ராஜா மட்டும் நடுவில் தனியாக இருந்தார். பத்தொன்பதாவது நகர்வில் என் ராணியை அவர் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். அது செக்மேட் என்று எனக்குத் தெரியாது. செயலாளர்தான் முதலில் பார்த்தார். பார்த்துவிட்டுப் பேனாவை மூடிவைத்தார்.

அடுத்த சனிக்கிழமை விசாரணை.

மேஜைக்கு அந்தப் பக்கம் பதினொரு பேர், இந்தப் பக்கம் நான் மட்டும். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"முப்பத்தி ரெண்டு வருஷம். இந்தக் கிளப்புல யாரும் ஒரு சிப்பாயைக்கூடக் காரணம் இல்லாம இழந்ததில்ல. நாம ஜெயிச்சது கம்மியா இருக்கலாம். ஆனா எதையும் வீணாக்கினதில்ல. இப்ப ஒருத்தர் வந்து, ரெண்டாவது நகர்வுலயே, கூசாம, கிளப்போட சிப்பாயைத் தூக்கிக் குடுக்கறாரு. நாளைக்கு இன்னொருத்தர் யானையைக் குடுப்பாரு. அப்புறம் யாரு எதை வேணா குடுக்கலாம்னு ஆயிடும். ஒழுங்குன்னு ஒண்ணு எதுக்கு இருக்கு?"

பிறகு என்னைப் பார்த்தார். "சொல்லுங்க. எதுக்காகக் குடுத்தீங்க?"

பொய் சொல்ல எனக்குத் தைரியம் போதாது. "விரல்ல மெழுகு ஒட்டியிருந்துச்சு, தெரியாம தொட்டுட்டேங்க. குதிரையைத்தான் எடுக்கப் போனேன்."

பதினொரு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைவர் மெதுவாகக் கேட்டார்.

"அப்ப நான் யாருகிட்ட தோத்தேன்?"

நான் என் விரல் நுனியைப் பார்த்துக்கொண்டேன்.

"மெழுகுகிட்ட தோத்தேனா? ஒரு கைத்தவறுகிட்ட இந்தக் கிளப்போட தலைவர் பத்தொம்போது நகர்வுல தோத்தாருன்னு குறிப்பேட்டுல எழுதணுமா?"

"வேண்டாங்க."

"அப்ப என்னன்னு எழுதறது?"

செயலாளர் பேனாவைத் திறந்தார். "'நீண்டகால ரகசியத் தயாரிப்பு'ன்னு போடலாம் தலைவரே."

"போடுங்க. 'மிகவும் அபாயகரமான'ன்னு முன்னால சேத்துக்குங்க."

'ஆபத்தான ஆட்டக்காரர்' என்ற தீர்மானமும் அன்றே நிறைவேறியது. இப்படித்தான் நான் உருவானேன். நூலகத்திலிருந்த ஒரு பழைய சதுரங்கப் புத்தகத்தைப் புரட்டி, என் விரல் செய்த காரியத்துக்குக் கிங்ஸ் கேம்பிட் என்று பெயர் இருப்பதைச் செயலாளர் கண்டுபிடித்தார். ஆரம்பத்திலேயே ஒரு சிப்பாயை எதிராளிக்குக் கொடுத்துவிட்டு, அவர் அதைத் தின்று முடிப்பதற்குள் அவருடைய ராஜாவின் மேல் பாய்வதுதான் கேம்பிட். பெயர் தெரிந்ததும் பயம் இரண்டு மடங்கானது. ஒரு வாரத்துக்குள் எனக்கு 'டைனமைட்' என்ற பட்டப்பெயரும் வந்துவிட்டது. சலூன்காரர் முடி வெட்டும்போது, "டைனமைட்டு, காதுகிட்ட கொஞ்சம் எடுக்கவா? வெடிச்சிட மாட்டீங்களே?" என்று கேட்பார்.

நியாயமாக நான் அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் நாற்பத்தேழு வயதுவரை யாரும் என்னைப் பார்த்து ஒரு அடி பின்னால் போனதில்லை. இப்போது நான் மாடிப்படி ஏறினால் பேச்சு நின்றது. அது எனக்குப் பிடித்திருந்தது. ஒரு கறுப்புச் சட்டை வாங்கினேன். எதிராளி யோசிக்கும்போது ஜன்னல் வழியாக வெளியே பார்க்கப் பழகினேன். எனக்கு வேலை தரும் பல் மருத்துவரிடம், "நமக்குத் தாக்குதல் ஆட்டம்தாங்க" என்று சொன்னேன். அவர் பாவம், வாய் திறந்து படுத்திருந்த நோயாளியிடம் அதைச் சொல்ல, நோயாளியும் ஆமாம் என்பது போலத் தலையாட்டினார்.

அந்தப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து படித்து, நட்பு ஆட்டங்களில் கேம்பிட்டை வேண்டுமென்றே பதினொரு முறை ஆடினேன். ஒன்பதில் தோல்வி. ஒன்று சமன். இன்னொன்றில் எதிராளிக்குப் பல்வலி வந்து எழுந்து போய்விட்டார். அவருக்கு நானே பிறகு பல் செட் செய்தேன். இந்தக் கணக்கை யாரும் பார்க்கவில்லை. ஆபத்தானவன் என்று தீர்மானம் போட்ட பிறகு முடிவுகளை எதற்குப் பார்க்க வேண்டும்?

ஆண்டுப் போட்டியின் இரண்டாம் சுற்றுக்கு முன்னால் படிவம் வந்தது. 'தியாக முன்னறிவிப்புப் படிவம்' என்று தலைப்பு. எந்தக் காய், எத்தனையாவது நகர்வு, இழப்பு தற்காலிகமா நிரந்தரமா, எதிர்பார்க்கும் பலன் என்ன, அந்தப் பலன் எத்தனை நகர்வுக்குள் கிடைக்கும் என்றெல்லாம் நிரப்பி, இரண்டு உறுப்பினர்களிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கி, ஏழு நாள் முன்னதாகக் கொடுக்க வேண்டும். 'இந்தச் சிப்பாயின் மேல் எனக்குத் தனிப்பட்ட விரோதம் எதுவும் இல்லை' என்று ஒரு உறுதிமொழியும் அடியில் இருந்தது. இதைத் தவிர எதிராளிக்கு வேறொரு படிவம். கொடுக்கப்படும் சிப்பாயை அவர் ஏற்கிறாரா, மறுக்கிறாரா என்று அதில் முன்கூட்டியே எழுதித் தர வேண்டும்.

என் மேஜை மேல் ஒரு அட்டையும் வைத்தார்கள்: 'இங்கே தியாகம் நடைபெறுகிறது. பார்வையாளர்கள் ஒரு அடி தள்ளி நிற்கவும்.'

இரண்டாம் சுற்றில் என் எதிராளி படிவத்தைப் படித்துவிட்டு, தனக்கு ரத்த அழுத்தம் இருப்பதாக மருத்துவச் சான்றிதழ் கொடுத்து விலகிக்கொண்டார். மூன்றாம் சுற்று எதிராளி ஏற்பதா மறுப்பதா என்று முடிவெடுக்க முடியாமல் தவித்து, கெடு தாண்டிவிட்டார். அரையிறுதியில் என்னோடு ஆட வேண்டியவர் கையெழுத்துப் போடும் முன் மனைவியைக் கேட்க வேண்டும் என்று போனவர், திரும்பி வரவில்லை. ஒரு காயைக்கூடத் தொடாமல் நான் இறுதி ஆட்டத்துக்கு வந்து சேர்ந்தேன். எதிரே செயலாளர். ஜெயிப்பவர், மற்றக் கழகங்களோடு மோதும் பிரிவுப் போட்டிக்கான கழக அணியில் இடம் பெறுவார்.

செயலாளர் மற்றவர்களைப் போல இல்லை. மருந்துக்கடை கல்லாவுக்குப் பக்கத்தில் பலகையை வைத்துக்கொண்டு என் கேம்பிட்டை இருபத்திரண்டு நகர்வு வரை மனப்பாடம் செய்திருக்கிறார் என்று சலூன்காரர் துப்பு சொன்னார். பேசாமல் பழையபடி குதிரையை எடுத்துவிடலாம் என்று முடிவுசெய்து தலைவரிடம் போனேன்.

"இந்த ஒரு ஆட்டத்துல மட்டும் சிப்பாயைக் குடுக்காம ஆடிக்கறேங்க."

அவர் முகம் மாறியது. "ஃபார்ம் குடுத்துட்டீங்களே?"

"வாபஸ் வாங்கிக்கறேன்."

"அறிவிச்ச தியாகத்தை வாபஸ் வாங்கணும்னா முப்பது நாளுக்கு முன்னாடி மனு குடுக்கணும். இன்னும் அஞ்சு நாள்தான் இருக்கு."

"நீங்கதானேங்க இந்த ஆட்டமே கூடாதுன்னு சொன்னீங்க?"

"கூடாதுன்னு சொன்னது ஃபார்ம் வர்றதுக்கு முன்னாடி. இப்ப முறைப்படி அனுமதி குடுத்தாச்சு. அனுமதி வாங்கிட்டுத் தியாகம் பண்ணலேன்னா அது ஏமாத்து வேலை. ஆட்டத்தை விட்டே நீக்கிடுவேன்."

வீட்டில் மனைவியிடம் புலம்பினேன். அவள் மறுநாள் வரவேண்டிய மாணவர்களின் பட்டியலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"இவ்வளவு பயமா இருந்தா எதுக்குப் போறீங்க?"

"கையெழுத்துப் போட்டுட்டேனே."

"பயப்படறத நான் தப்புன்னு சொல்லல. கறுப்புச் சட்டைய போட்டுக்கிட்டுப் பயப்படறீங்க பாருங்க, அதைத்தான் பாக்கச் சகிக்கல."

சட்டையை மாற்றிக்கொண்டு போனேன்.

இறுதி ஆட்டம் தலா ஐம்பது நிமிடம். முதல் நகர்வு இருவரும் ஆடினோம். இரண்டாவது நகர்வில், அனுமதிக்கப்பட்ட சிப்பாயை அனுமதிக்கப்பட்ட கட்டத்துக்குத் தள்ளி, கடிகாரத்தை அழுத்தினேன். செயலாளரின் நேரம் ஓட ஆரம்பித்தது. அவர் சந்தோஷமாகக் கையை நீட்டினார். தலைவர் தடுத்தார்.

"முத்திரை?"

செயலாளரின் கை நடுவழியில் நின்றது. எதிராளி தன் ஏற்புப் படிவத்தில் கழக முத்திரையைக் குத்திய பிறகே தியாகம் செய்யப்பட்ட காயைத் தொடலாம் என்று ஒரு விதி இருந்தது. எழுதியவர் செயலாளர்தான். முத்திரை பீரோவில் இருந்தது. சாவி தலைவரிடம்.

"சாவியக் குடுங்க தலைவரே."

"சாவிப் பதிவேட்டுல கையெழுத்துப் போட்டுட்டு வாங்கிக்குங்க."

"பதிவேடு எங்க?"

தலைவர் யோசித்தார். "பீரோவுல."

யாரும் சிரிக்கவில்லை. சலூன்காரர் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அவர் தோள் குலுங்கியது.

"கடிகாரத்தையாவது நிறுத்துங்க தலைவரே!"

"நிறுத்தறதுக்கு நடுவர் உத்தரவு வேணும். இன்னிக்கு நடுவர் யாரு?"

"நான்தான்."

"ஆடிக்கிட்டு இருக்கறவர் எப்படி நடுவரா உத்தரவு போட முடியும்? நீங்களே சொல்லுங்க. விதி உங்களுக்குத் தெரியாததா?"

செயலாளருக்கு விதி தெரியும். அதனால்தான் அவருக்கு அவ்வளவு வியர்த்தது. அவசரக் கூட்டம் கூட்டினார்கள். பதினொரு பேர் வேண்டிய இடத்தில் பத்துப் பேர் இருந்தார்கள். நான் எதிரே உட்கார்ந்து இரண்டு டீ குடித்தேன். கடிகாரத்தை நிறுத்த எனக்குச் சம்மதம் என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் ஒருவேளை நின்றிருக்கும். சொல்லவில்லை. ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பழக்கம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

ஐம்பது நிமிடம் முடிந்தது. இரண்டே நகர்வில் நான் கழகச் சாம்பியன் ஆனேன்.

பரிசளிப்பில் தலைவர் பேசினார். "இந்தக் கேம்பிட் நம்ம கிளப்போட பாரம்பரியம். ஆரம்பத்துலேர்ந்து நாம இத ஊக்குவிச்சிட்டு வர்றோம். அதுக்காகத் தனி ஃபார்மே வெச்சிருக்கற ஒரே கிளப் நம்மளுதுதான்." எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

பிரிவுப் போட்டிக்கு நான்கு பேர் போனோம்: தலைவர், செயலாளர், சலூன்காரர், நான். செயலாளர் என்னிடம் தோற்றாலும் நிர்வாகி என்ற முறையில் அணியில் இருந்தார். அந்தப் போட்டியில் தோற்றால் எங்கள் கழகம் முதல் பிரிவிலிருந்து இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிடும். முப்பத்திரண்டு வருடத்தில் நடக்காத காரியம் அது. பயிற்சி வண்டியில் மனைவிதான் எங்களை அழைத்துப் போனாள். கூரையில் 'கற்றுக்கொள்பவர்' என்ற பலகையோடு போய் இறங்கினோம்.

எதிரணியின் கழகம் ஒரு சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் பின்னால் இருந்த நீளமான அறை. எனக்கு எதிரே ஐம்பத்தைந்து வயது இருக்கும் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். லாண்டரிக் கடை வைத்திருப்பவர். மணிக்கட்டில் இஸ்திரிப்பெட்டி சுட்ட பழைய தழும்புகள் இரண்டு இருந்தன. ஆட்டம் தொடங்கும் முன்பே தலைவர் ஏற்புப் படிவத்தை எடுத்துக்கொண்டு அவரிடம் வந்தார். இந்த முறை முத்திரையைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார்.

"என்னங்க இது?" என்றார் அந்த அம்மா.

"இவரு ரெண்டாவது நகர்வுல ஒரு சிப்பாயைத் தியாகம் பண்ணுவாரு. நீங்க ஏத்துக்கறீங்களா, மறுக்கறீங்களா?"

"குடுத்தா எடுத்துக்குவேன். அதுக்கு எதுக்குப் பேப்பரு?"

"ஆபத்தான ஆட்டங்க அது."

"கிங்ஸ் கேம்பிட்டா?" அவர் அறையைத் திரும்பிப் பார்த்தார். "இங்க பாதிப்பேர் அதத்தானே ஆடறோம்." பிறகு படிவத்தை வாங்கி இரண்டாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேஜைக்காலுக்கு அடியில் வைத்தார். மேஜை ஆடாமல் நின்றது.

ஆட்டம் தொடங்கியது. நான் கொடுத்தேன், அவர் எடுத்தார். ஏழெட்டு நகர்வுக்குள் இருவருக்கும் பலகை தீப்பிடித்தது போலாகிவிட்டது. மற்ற மேஜைகள் ஒவ்வொன்றாக முடிந்தன. சலூன்காரர் ஜெயித்தார். செயலாளர் தோற்றார். தலைவர் ஒரு காயைக்கூட இழக்காமல், ஒரு காயைக்கூட எடுக்காமல் சமன் செய்தார். ஒன்றரைக்கு ஒன்றரை. எல்லோரும் வந்து என் மேஜையைச் சுற்றி நின்றார்கள்.

ஒன்பதாவது நகர்வு. பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒன்று தெரிந்தது. புத்தகத்தில் படித்ததோ விரல் தவறியதோ அல்ல, நானாகவே பார்த்தேன். என் பிஷப்பைக் கொண்டுபோய் அந்த அம்மாவின் ராஜாவுக்குப் பக்கத்துச் சிப்பாயை அடிக்கலாம். ராஜா பிஷப்பை வெட்டியாக வேண்டும். வெட்டினால் குதிரை பாயும், பின்னாலேயே ராணி. அதற்கப்புறம் எனக்கும் தெளிவாகத் தெரியவில்லை. ஆனால் அங்கே என்னவோ இருந்தது.

பிஷப்பை நோக்கிக் கையைக் கொண்டுபோனேன். எதிரே அந்த அம்மாவின் முகத்தில் முதல்முறையாக ஒரு கலக்கம் தெரிந்தது. பின்னாலிருந்து தலைவரின் இருமல் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அவர் என் படிவத்தைத் தூக்கிப் பிடித்து, 'ஒரு சிப்பாய் மட்டும்' என்ற வரியில் விரலை வைத்துத் தலையை இடவலமாக ஆட்டினார்.

அனுமதி இல்லை. அதைப் பார்த்து எனக்குக் கோபம் வந்ததாகச் சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. வரவில்லை. எனக்கு வந்தது நிம்மதி. அவ்வளவு பெரிய நிம்மதியை நான் அதற்கு முன் அனுபவித்ததில்லை. பிஷப்பைத் தொடாமல் கையை இழுத்துக்கொண்டு, ஓரத்துச் சிப்பாய் ஒன்றை ஒரே ஒரு கட்டம் தள்ளினேன்.

அதற்குப் பிறகு அந்த அம்மா என்னைச் சலவைத் துணியைப் போல மடித்தார். இருபத்து நான்காவது நகர்வில் தோல்வியை ஒப்புக்கொண்டு கை கொடுத்தேன். எங்கள் கழகம் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது.

எங்கள் ஆட்கள் அறை வாசலிலேயே அவசரக் கூட்டம் போட்டார்கள். நான் எழுந்திருக்கவில்லை. அந்த அம்மா காய்களை ஒன்பதாவது நகர்வில் இருந்தபடி திரும்ப அடுக்கினார்.

"இங்க பிஷப்பைக் குடுக்க வந்தீங்கல்ல? நான் பயந்தே போயிட்டேன். ஏன் குடுக்கல?"

"அனுமதி வாங்கல."

"யாருகிட்ட?"

வாசலில் நின்ற தலைவரைக் காட்டினேன். அந்த அம்மா அங்கே பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். துணியில் கறை எங்கே இருக்கிறது என்று தேடுவது போன்ற பார்வை.

"நிஜமாவே அதானா?"

"இல்லைங்க," என்றேன். "பயம்."

"அது சரி," என்றார் அந்த அம்மா. "எனக்கும்தான் இருந்துச்சு. ஒரு சிப்பாய் குடுத்து ஆரம்பிச்சுட்டு, பாதியில போய்க் கடைய சாத்தினா எப்படிங்க? ஆடிப் பாப்பமா, குடுத்தா என்ன ஆகுதுன்னு?"

அப்போது தலைவரும் செயலாளரும் ஒரு புதிய படிவத்தோடு வந்தார்கள். தோல்வி விளக்கப் படிவம். வாசலிலேயே தயாரித்திருந்தார்கள்.

"காரணம் சொல்லுங்க, எழுதணும்," என்றார் செயலாளர்.

"இவங்க நல்லா ஆடினாங்க."

செயலாளர் படிவத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "அந்த மாதிரி கட்டம் இதுல இல்லியே. வெளிச்சம், சத்தம், நாற்காலி, உடல்நிலை. இதுல ஒண்ணு சொல்லுங்க."

"அப்ப நான் பயந்துட்டேன்னு எழுதிக்குங்க."

"பயமா?" தலைவர் அதிர்ந்துபோனார். "ஆபத்தான ஆட்டக்காரர்னு தீர்மானம் இருக்கற ஒருத்தர் பயந்தாருன்னு எழுதினா, தீர்மானம் தப்புன்னு ஆயிடாதா?" அவர் குனிந்து என் நாற்காலியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அது அசையவில்லை. இன்னும் பலமாக ஆட்டினார். லேசாகக் கிறீச்சிட்டது. "நாற்காலின்னு போடுங்க."

செயலாளர் நாற்காலி என்று எழுதி, நேரத்தையும் குறித்தார். தலைவர் சட்டைப்பையிலிருந்து முத்திரையை எடுத்துக் குத்தினார். அவர் முகத்தில் அமைதி வந்தது.

"வாங்க, வண்டி காத்திட்டு இருக்கு. போற வழியிலயே நாற்காலி விஷயமா ஒரு குழு போட்டுடலாம். நீங்கதான் அதுக்குத் தலைவர்."

"நீங்க முன்னாடி போங்க," என்றேன். "எனக்கு இங்க ஒரு ஆட்டம் இருக்கு."

"போட்டி முடிஞ்சிடுச்சே! இது எந்தக் கணக்குல வரும்?"

"எதுலயும் வராதுங்க."

தலைவர் படிவத்தை மடித்துச் செயலாளரிடம் கொடுத்தார். முத்திரையைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். வெளியே மனைவி ஹாரன் அடித்தாள். சலூன்காரர் போய் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். இன்ஜின் சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் அவளே உள்ளே வந்து, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பிஷப்பைக் கொடுத்தேன். அந்த அம்மா ராஜாவால் வெட்டினார். குதிரை பாய்ந்தது, ராணி போனாள். நான் கணக்குப் பார்த்திருந்த இடம் வந்ததும், அதற்கப்புறம் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. ஆறே நகர்வில் தோற்றேன்.

"அவ்வளவுதானா?" என்றாள் மனைவி.

"நாலாவது நகர்வுல தப்பு பண்ணிட்டாரு," என்றார் அந்த அம்மா. "இல்லேன்னா நான் காலி."

நான் அதற்குள் காய்களை மறுபடியும் பலகையில் அடுக்க ஆரம்பித்திருந்தேன்.